பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சாவி

தாராவி தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒரு மேல்தள அறையில் மாலை வகுப்பு நடக்கிறது. ஆறு பழைய லேப்டாப்புகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். எந்த லேப்டாப்பில் உட்கார்ந்தாலும் பிள்ளைகளுக்கு அவரவர் கோப்புகள் கிடைக்க வேண்டும் என்று, ஹோம் ஃபோல்டர்களை மூலையிலிருந்த சர்வரில் வைத்து, வேறு கணினியிலுள்ள ஃபோல்டரை வலை வழியாகத் தரும் என்எஃப்எஸ் மூலம் இணைத்தோம். கேபிள் மாட்டிச் சோதித்தபோது எல்லாம் ஓடியது. அறைக்குள் கேபிள் இழுக்க இடமில்லாததால் வைஃபைக்கு மாறினோம்.

அன்று மாலை ஒரு சிறுமி பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். திரை கறுப்பாகவே நின்றது. வைஃபை பாஸ்வேர்ட் அவளுடைய ஹோம் ஃபோல்டரில் இருந்தது. ஃபோல்டர் சர்வரில். சர்வரை எட்ட வைஃபை வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியிருந்தோம்.

இப்படிச் சிக்கல் வந்தால், வலை இணைப்புகளை நிர்வகிக்கும் மென்பொருளான “நெட்வொர்க் மேனேஜரைத் தூக்கி எறி” என்பது லினக்ஸ்காரர்களின் பழைய வைத்தியம். நானும் அதை நம்பியவன்தான். இப்போது நம்பவில்லை.

என்எஃப்எஸ் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்தது. மேசையோடு கட்டிப்போட்ட கணினிகளின் காலத்துப் பிள்ளை. நெட்வொர்க் மேனேஜரை ரெட் ஹாட் 2004இல் கொண்டுவந்தது, ஊர் ஊராகச் சுற்றும் லேப்டாப்புக்காக. கணினியை அணைக்கும்போது வலை முதலில் அறுந்து, என்எஃப்எஸ் பதில் வராமல் தொங்கும் என்ற புகார் ஒரு காலத்தில் முழு நியாயம். கணினியின் சேவைகளை வரிசைப்படி தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வந்தபின், மவுன்ட்டை, அதாவது சர்வர் ஃபோல்டரின் இணைப்பை, கழற்றிவிட்டுத்தான் வலை நிறுத்தப்படுகிறது. அந்தப் புகாரை இன்றும் சொல்வது பழைய கணக்கு.

கணினி எழும்போது வலை வருவதற்குள் மவுன்ட் முயன்று தோற்கிறது என்ற புகாரிலும் பாதிதான் உண்மை. மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் போன 2020 அக்டோபர் 12 போன்ற நாளை எண்ணிப் பாருங்கள். கரன்ட் திரும்பியதும் லேப்டாப், ரவுட்டர், சர்வர் எல்லாம் ஒன்றாக எழுகின்றன. சர்வர் கடைசியாக எழுந்தால், நெட்வொர்க் மேனேஜர் இல்லாமல் கையால் எழுதிய நிலையான ஐபி அமைப்பும் அங்கே தோற்கும்.

ஒரு குற்றச்சாட்டு மட்டும் நிற்கிறது. பல லினக்ஸ் பதிப்புகளில் சாதாரணப் பயனர் உருவாக்கும் வைஃபை இணைப்பு அவருக்கு மட்டும் உரியதாகச் சேமிக்கப்படுகிறது. அவர் லாகின் ஆகும்வரை வலை இல்லை. எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக்கும் வசதி 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று திரை ஒரு வார்த்தைகூட எச்சரிப்பதில்லை. இது பெரிய குறை. தூக்கி எறியும் அளவுக்கான குறை அல்ல. ரெட் ஹாட் 2022இல் வெளியிட்ட தன் லினக்ஸின் ஒன்பதாம் பதிப்பில், நெட்வொர்க் மேனேஜருக்கு மாற்றாக இருந்த பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகளே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது இன்னொரு அறிவுரை: தொங்காமல் இருக்க ‘சாஃப்ட்’ மவுன்ட் போடு என்பது. சர்வர் சற்று நேரம் பேசாவிட்டால் சாஃப்ட் மவுன்ட் கைவிட்டுவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதையலாம். ‘ஹார்ட்’ மவுன்ட் காத்திருக்கும். பிள்ளைகள் எழுதும் இடத்தில் சாஃப்ட் கூடவே கூடாது.

வைஃபை இணைப்பைக் கணினிக்குப் பொதுவாக்கினோம். ஃபோல்டரைக் கேட்கும்போது மட்டும் மவுன்ட் ஆகும்படி மாற்றினோம், ஹார்ட் மவுன்ட்டாகவே. போன வாரம் ரவுட்டர் நடுவில் அணைந்தபோது அதே சிறுமியின் திரை உறைந்தது. ரவுட்டர் எழுந்ததும், நின்ற இடத்திலிருந்து அவள் கட்டுரை சேமிப்பாகி முடிந்தது.