தனிவகைச் சிறுகதைப் போட்டியும் காரணிகர் கடனும்

பரிசு பெற்ற கதையை ஆராய்வார் பலர். பரிசு வழங்கப்பெற்ற முறையை ஆராய்வார் அரியர். போட்டி என்பது இதழ் நடத்துவோர்தம் விளம்பர முயற்சி என்றும், பல்கலைக்கழகத்தார் நோக்கத்தக்க பொருளன்று என்றும் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின், துப்பறி கதை, அறிவியற்கதை என்றாற்போல ஒரு தனி வகையையே விரும்பிப் பயிலும் சிறு வாசகர் குழாம் ஒன்று தன்னுள் ஒரு போட்டியை நடத்தப் புகுங்கால், அக்குழாம் தன்னை அறியாமலேயே ஓர் இலக்கணம் வகுத்துவிடுகின்றது. கதை இத்துணை நீளத்தின் மிகுதல் ஆகாது, இன்ன வகையினதாதல் வேண்டும், இன்னார் இன்ன முறையில் மதிப்பிடுவர் என்னும் மூன்று வரி அறிவிப்பே அவ்வகையின் பின்னை வளர்ச்சியை ஆளவல்லதாய் அமைந்துவிடுதல் உண்டு. இதனை இரண்டு போட்டிகளின் வரலாறு கொண்டு காட்ட முயல்வாம். ஒன்று அமெரிக்க இதழ் ஒன்று நடத்தியது. மற்றொன்று இணையவழியே பல நாட்டாரும் கூடி ஆண்டுதோறும் நடத்துவது. இவற்றோடு, யாமே நடுவராய் அமர்ந்து செய்த பிழை ஒன்றையும் இறுதியிற் கூறவேண்டியுள்ளது.

எல்லரி குவீன் என்பது பிரெடரிக் டானே, மான்பிரெட் லீ என்னும் உறவினர் இருவர் கூடிப் புனைந்துகொண்ட பெயர். அப்பெயரால் 1941ஆம் ஆண்டில் தோன்றிய துப்பறி கதை இதழ் நடத்திய முதற் சிறுகதைப் போட்டியின் முடிவு 1946ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதற்பரிசு பெற்றவர் மான்லி வேட் வெல்மன். அவர்தம் கதையில் அமெரிக்கத் தொல்குடி இளைஞன் ஒருவன் துப்பறிவோனாக வருகின்றான். இரண்டாம் பரிசு பெற்றவர் வில்லியம் பாக்னர். நான்காண்டு கழித்து, 1949ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு பெற்ற அதே பாக்னர்தாம். ஐரோப்பாவிலே தம்மை இக்கால எழுத்தாளருள் தலையாயவராகப் போற்றுவர். தம் நாட்டிலோ துப்பறி கதைப் போட்டியொன்றில் இரண்டாம் பரிசு பெற்றுப் பிழைக்கவேண்டியுள்ளது என அவர் தம் முகவர்க்கு எழுதிய மடலில் மனங்கசந்து குறித்துள்ளார். இச்செய்தியை எடுத்துக்காட்டி, போட்டி நடுவர்தம் அறியாமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ என வினவுவார் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். கதையைச் சற்றே நோக்குவாம்.

'வேதியியலில் ஒரு பிழை' எனப் பொருள்படும் தலைப்பினை உடையது அக்கதை. சோயல் பிளிண்ட் என்பான் ஊர் ஊராய்த் திரியும் கேளிக்கைக் குழுவினின்று வந்த அயலான். அவன் தன் மனைவியைக் கொன்று, தானே காவலதிகாரியை அழைத்து அச்செய்தியைக் கூறிச் சிறைப்படுகின்றான். பின்னர்ப் பூட்டிய சிறையினின்று மறைந்துவிடுகின்றான். இறந்தவளின் தந்தையாகிய பிரிட்செல் என்னும் கிழவர் எவரையும் காணாது வீட்டினுள்ளே அடைந்துகிடந்து, தம் நிலத்தை விற்றுவிட முனைகின்றார். கவின் சுடீவன்சு என்னும் வழக்குரைஞரும் காவலதிகாரியும் உடனிருக்க, கிழவர் விஸ்கியிற் சருக்கரை கூட்டித் தமக்கொரு மது கலக்கின்றார். அந்நாட்டுத் தென்பகுதியாரின் முறைப்படி சருக்கரையை முதலில் நீரிற் கரைத்து அதன்பின்னரே விஸ்கியை ஊற்றுதல் வேண்டும். விஸ்கியில் நேரே இட்ட சருக்கரை கரையாது மணல்போலக் கிடக்கும். கிழவரோ விஸ்கியிலேயே சருக்கரையை இடுகின்றார். தம் வாழ்நாள் முழுவதும் அம்மதுவைக் கலந்து பருகிய ஒருவர் அங்ஙனம் செய்யார். அவர் பிரிட்செல் அல்லர். கிழவரையும் கொன்று அவர் உருவிலே அமர்ந்திருக்கும் பிளிண்டே என்பது அந்நொடியில் வெளிப்படுகின்றது.

இத்தடயம் எவ்வகையது என எண்ணுதல் வேண்டும். கைரேகையன்று, குருதிக்கறையன்று, இரயில்வண்டி நேர அட்டவணையுமன்று. ஒரு நிலத்தார் தம் உண்பொருளைக் கூட்டும் முறை, அவர் கையிற் படிந்துவிட்ட பழக்கம், அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கின்றது. தொல்காப்பியனார் கருப்பொருள் வரிசையில் உணாவையும் வைத்தமையை அறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதிற் புலனாகும். உருவத்தை மாற்றலாம், குரலை மாற்றலாம். திணையை மாற்றிக்கொள்ளல் அயலானுக்கு இயலவில்லை. துப்பறி கதைக்கு நிலத்தியல்பைப் புறவண்ணமாக அன்றிப் புதிரின் அச்சாகவே ஆக்கியிருத்தல் பாக்னர் அவ்வகைக்குச் செய்த பேருதவி என்றே கூறுவேம்.

அங்ஙனமாயின் முதற்பரிசு அவர்க்கே உரியதன்றோ எனின், அன்று என்பதே எம் விடை. போட்டி துப்பறி கதைக்கு உரியது. அவ்வகையின் பயின்ற வாசகர் 1928ஆம் ஆண்டில் வான் டைன் வகுத்த இருபது விதிகளையும், 1929ஆம் ஆண்டில் ரொனால்டு நாக்சு வகுத்த பத்து விதிகளையும் கற்றவர். ஆசிரியர் ஒளித்து வைப்பதைத் தாமே முன்னர்க் கண்டுபிடிக்க முயல்வதையே இன்பமாகக் கொண்டவர். பூட்டிய சிறையினின்று கேளிக்கைக் குழுவினன் ஒருவன் மறைந்ததும், எவரையும் காண விரும்பாத கிழவர் ஒருவர் வீட்டினுள் இருத்தலைக் கண்டதும், அத்தகைய வாசகர் ஆள்மாறாட்டத்தை ஐயுறத் தொடங்கிவிடுவர். சருக்கரைத் தடயம் அவர்க்கு ஐயத்தை உறுதி செய்வதேயன்றி வியப்பளிப்பதன்று. புதிரை மறைக்கும் திறத்தில் கதை தளர்வுடையது. அறிவித்த வகையின் அளவுகோலால் அளந்து இரண்டாமிடம் தந்தார்க்கு நாம் குறை கூறுதற்கில்லை. பாக்னரின் மனக்குறை, வேறிடத்திற் பெற்ற புகழைப் போட்டி அரங்கினுள் உடன்கொண்டு வந்தமையால் விளைந்தது. போட்டி நடத்துவார் முதற்கண் அஞ்சவேண்டுவதும் இப்புகழையே.

இவ்வச்சத்திற்கு மாற்றுக் கண்டதொரு நிகழ்ச்சியை இரண்டாவது போட்டியிற் காணலாம். ஊடாட்டப் புனைகதை என்பது வாசகர் விசைப்பலகை வழியே ஓர் ஏவலை எழுத, கதை அதற்கு விடைகூறி மேற்செல்லும் வகை. வணிக நிறுவனங்கள் கைவிட்ட அவ்வகையை ஆர்வலர் சிலர் இணையவழிக் கூடிப் பேணி வந்தனர். அவர்க்கென 1995ஆம் ஆண்டில் கெவின் வில்சன் என்பார் போட்டி ஒன்று தொடங்கினார். முதலாண்டில் வந்தவை பன்னிரண்டு படைப்புகள். ஆக்கும் கருவியின் வேறுபாடு பற்றி அவை இரு பிரிவாக வகுக்கப்பட்டன. மறுவருடம் முதலிடம் பெற்ற படைப்பு ஏஞ்செலா ஹார்ன்சு என்னும் பெயரில் வந்தது. எழுதியவரோ கிரகாம் நெல்சன். போட்டியாளர் பலரும் பயன்படுத்திய 'இன்பார்ம்' என்னும் கருவியை ஆக்கி அளித்தவரே அவர். தம் பெயரோடு அனுப்பியிருப்பின், கருவி தந்தார்க்கு நன்றி செலுத்தும் வாக்குகள் எத்துணை, கதைக்கு வீழ்ந்த வாக்குகள் எத்துணை எனப் பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது. தம் பெயரின் எழுத்துகளையே இடமாற்றிப் புனைந்துகொண்டார் என்பது உடன் அறியத்தக்கதொரு விளையாட்டு.

அப்போட்டியின் விதிகளுள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது ஒன்று. நடுவர் என அங்கே தனிச்சிலர் இலர். வாசகர் எவரும் ஒன்று முதற் பத்து வரை மதிப்பளிக்கலாம். குறைந்தது ஐந்து படைப்புகளையேனும் மதிப்பிட்டவர் வாக்கே கொள்ளப்படும். எப்படைப்பையும் முதல் இரண்டு மணிநேரப் பயிற்சி கொண்டே மதிப்பிடல் வேண்டும். இவ்விரண்டு மணிநேர விதி, வாசகர்தம் ஓய்வுப்பொழுதைக் கருதி எழுந்த நடைமுறை ஏற்பாடேயாகும். ஆயின் அதன் விளைவு இலக்கணத்தில் தோன்றிற்று. பல நாள் முயன்று அவிழ்க்கும் நெடும்புதிர்க் கதைகளே பெருமைபெற்றிருந்த அவ்வகையில், ஒரே அமர்வில் முடியும் சிறுகதை தனிவடிவாய்ச் செழிக்கத் தொடங்கிற்று. சிறுகதைக்கு மேலைநாட்டார் கூறும் ஓரமர்வு இலக்கணம், கோட்பாட்டுநூல் ஒன்றும் எழாமலே, போட்டி விதி ஒன்றால் மற்றொரு வகையினுள் நுழைந்துவிட்டது.

அவ்வடிவின் ஆற்றலைக் காட்டியது 1998ஆம் ஆண்டில் முதலிடம் பெற்ற ஆடம் கேடரின் 'போட்டோபியா'. ஊடாட்டக் கதைக்குப் புதிரே உயிர் என்பது அதுவரை பெரும்பாலார் கொள்கை. இப்படைப்பிலோ புதிர் அருகியே உள்ளது. வண்டி மோதி உயிரிழக்கும் இளம்பெண் ஒருத்தியின் வாழ்வைப் பலர் நிலையில் நின்று, காலமுறை மாற்றி, துண்டு துண்டாகக் காட்டுகின்றது. அவள் ஒரு குழந்தைக்குச் சொல்லும் கதையும் இடையிடையே வருகின்றது. வாசகர் என்ன ஏவினும் அவள் இறப்பைத் தடுத்தல் இயலாது. ஏவல் உரிமை இருந்தும் பயன்படாமையே அங்கே அவலச்சுவையாகின்றது. ஏவலற்ற அச்சுக்கதையில் இச்சுவையை இவ்வாறு பிறப்பித்தல் அரிது. வகையின் இலக்கணத்தை மீறிய படைப்பாகத் தோன்றினும், அவ்வகைக்கே சிறப்பாக உரிய உறுப்பினைப் பிறர் காணாத வழியிற் பயன்கொண்டது அது.

இங்கே ஒரு தடை நிகழும். பாக்னர்க்கு வகையின் அளவுகோலைக் கொண்ட யாம், கேடர்க்கு அதனை நெகிழ்த்தல் பொருந்துமோ எனின், நெகிழ்த்திலேம். பாக்னர் துப்பறி கதைக்குப் புதியதோர் அணியைக் கொணர்ந்தார். அதன் உயிர்நிலையாகிய மறைப்பில் தளர்ந்தார். கேடர் உயிர்நிலை எது என்பதையே மாற்றிக் காட்டினார். இத்தகைய மாற்றத்தை ஏற்கும் உரிமை தனி நடுவர் இருவர் மூவரிடத்து இருத்தலினும் அக்குழாத்து வாசகர் அனைவரிடத்தும் இருத்தல் தக்கது. ஏனெனின் வகை என்பது அவர்தம் உடன்பாடே.

எனினும் பலர் வாக்கைக் கூட்டிச் சராசரி காண்பதில் ஒரு தீங்கு உண்டு. எல்லார்க்கும் ஓரளவு உவப்பான கதை முன்னேறும். சிலரை ஆட்கொண்டு சிலரை வெறுப்பேற்றும் கதை பின்தங்கும். ஊடாட்டப் போட்டியார் இதனை உணர்ந்து, மதிப்பெண்கள் மிகவும் சிதறிக்கிடக்கும் படைப்பிற்கெனத் தனிச் சிறப்பொன்று ஏற்படுத்தினர். அதற்குக் 'கலகத்தின் பொன்வாழைப்பழம்' என்னும் பொருளில் பெயரும் இட்டனர். கிரேக்கர் கதையில் வரும் கலகத்தின் பொன் ஆப்பிளை நகையாடும் பெயர் அது. நகைச்சுவையாக எழுந்த இவ்வேற்பாட்டைக் காட்டிலும் அறிவார்ந்த விதியைப் போட்டி நடத்துவோரிடத்து யாம் கண்டதில்லை.

எம் பிழையைக் கூறுதற்கு இதுவே இடம். சில ஆண்டுகட்கு முன், அறிவியற்கதை பயிலும் சிறு வாசகர் வட்டம் ஒன்றின் சிறுகதைப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவராக இருந்தேம். கருத்துக்கு இத்துணை, அமைப்புக்கு இத்துணை, நடைக்கு இத்துணை என மதிப்பெண் பட்டியல் ஒன்றை வகுத்தவரும் யாமே. நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தாரன்றோ என்பது எம் துணிபு. பவணந்தியார் அவற்றை வகுத்தாரேயன்றி, அழகைக் கூட்டிக் குற்றத்தைக் கழிக்குமாறு யாண்டும் கூறிற்றிலர் என்பது அப்போழ்து எமக்குத் தோன்றவில்லை. மூவர் எண்ணையும் கூட்டினேம். எம்முள் ஒருவர் மிக உயர்ந்த மதிப்பளித்த கதை, மற்றை இருவர் பட்டியலில் அமைப்பின்கண் குறைவுபெற்று ஆறாமிடத்திற்கு இறங்கிற்று. மூவர்க்கும் குறை காணவியலாத, மூவருள் எவரும் மறுமுறை படிக்க விரும்பாத கதை முதற்பரிசு பெற்றது. கூட்டலிற் பிழை இல்லை, இருமுறை சரிபார்த்தேம்.

இறையனார் களவியலுரை கூறும் வரலாறு இங்கே நினைவிற்கு வருகின்றது. சங்கத்தார் ஒவ்வொருவரும் உரை செய்து, எவ்வுரை மெய்யுரை எனத் துணியமாட்டாது மயங்கினர். அவர்க்குக் காரணிகனாக அமைந்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு அகவைப் பிள்ளை, வாய் பேசாதவன். பிறர் உரைகளுக்கு வாளாவிருந்து, மருதன் இளநாகனார் உரைக்கு ஓரோவிடத்துக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்து, நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் அங்ஙனம் ஆயினான் என்பர். தெய்வக் கதை என இதனை ஒதுக்குவார் ஒதுக்குக. தீர்ப்புக்கு மெய்ப்பாட்டையே சான்றாகக் கொண்டமை நோக்கத்தக்கது. அவனிடம் பட்டியல் இல்லை. ஆனால் எவ்விடத்தில் எவ்வுரை அவனைத் தொட்டது என்பதை அவையில் இருந்தார் அனைவரும் கண்டனர். இக்கால நடுவர்க்குக் கண்ணீர் வாராதாயினும், எவ்விடத்தில் கதை தம்மைத் தொட்டது, எவ்விடத்தில் கைவிட்டது என ஒரு பத்தி எழுதுதல் இயலாததன்று.

மறுவருடம் பட்டியலை நீக்கினேம். நடுவர் ஒவ்வொருவரும் எல்லாக் கதைக்கும் ஒரு பத்தி எழுதவேண்டும், கருத்து மிகவும் வேறுபட்ட கதையை மூவரும் கூடியிருந்து உரக்கப் படித்துப் பேசவேண்டும், எழுதியவர் பெயர் முடிவு அறிவிக்கும்வரை நடுவர்க்குத் தெரிதல் ஆகாது என விதிகளை மாற்றினேம். பணி இருமடங்காயிற்று, முடிவு வெளிவர ஒரு திங்கள் தாழ்த்தது, வட்டத்தாருள் சிலர் முணுமுணுத்தனர். முந்தைய ஆண்டின் கதைகளுக்கும் பத்தி எழுதி உரியவர்க்கு அனுப்பினேம். ஆறாமிடத்துக் கதைக்கு மூவரும் எழுதியவையே மிக நீண்டன. குறைந்த மதிப்பளித்த இருவரும் அக்கதையின் இறுதிக்காட்சியை மறக்கவியலவில்லை என்று எழுதியிருந்தனர். அவ்விருவருள் யாமும் ஒருவேம். அதனை எழுதியவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. அவ்வாண்டுப் போட்டிக்கு அவர் கதையும் வரவில்லை.