பச்சை மேசையும் போர் நடனமும்

போரைப் பொருளாகக் கொண்டு குழு நடனம் அமைக்க முற்படும் மாணவன், எடுத்த எடுப்பிலேயே ஓர் இக்கட்டில் சிக்குகிறான். குழு நடனத்தின் அழகு ஒழுங்கில் இருக்கிறது. பத்துப் பேர் ஒரே வேளையில் அடி எடுத்து வைத்து, ஒரே வேளையில் கை உயர்த்தினால் காண்போர் உள்ளம் களிகொள்ளும். ஆனால் படையின் அழகும் அதுவேயன்றோ? அணிவகுத்துச் செல்லும் வீரர்களைத் தெருவோரம் நின்று பார்க்கும் சிறுவனை மயக்குவதும் அந்த ஒழுங்கே. ஆகவே, ஆட்டம் எவ்வளவுக்குச் செம்மையாக அமைகிறதோ அவ்வளவுக்குப் போரும் கவர்ச்சி பெற்றுவிடுகிறது. போரைப் பழிக்க எழுந்த ஆட்டம், தன்னையும் அறியாமல் போரைப் புகழ்ந்து முடிகிறது. பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் நம் பிள்ளைகள் அரங்கேற்றும் போர்க் காட்சிகள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு.

நடனத்தைப் பற்றி இவ்வேட்டில் எழுதலாமா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆடல் குறித்து நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் கேடயமும் ஈட்டியும் ஏந்தி மஸ்ஜிதுன் நபவியில் விளையாடியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னே நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனம் நிறையும்வரை அதனைக் கண்டு களித்ததையும் ஸஹீஹான ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. அது திறமையின் விளையாட்டு, பெருநாளின் மகிழ்ச்சி. அதில் எவரும் சாகவில்லை. எவருடைய சாவும் நடிக்கப்படவுமில்லை. கருவியைச் சுழற்றும் திறத்தைக் காட்டுவது வேறு. போரைக் காட்டுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம் மாணவர்களின் முதல் தவறு. வாள் சுழற்றலையும் சிலம்ப வரிசையையும் மேடையேற்றிவிட்டு, போரைக் காட்டிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்த இக்கட்டை உணர்ந்து அதற்கு ஒரு விடையும் கண்டவர் ஜெர்மானியரான குர்ட் யோஸ். 1901-இல் பிறந்த இவர், ஆடலறிஞர் ருடால்ஃப் லாபானின் மாணவர்; எஸ்ஸன் நகரில் 1927-இல் தோன்றிய ஃபோல்க்வாங் பள்ளியில் ஆடல் ஆசிரியர். அப்பள்ளியைச் சார்ந்த குழுவைக் கொண்டு இவர் அமைத்த ‘பச்சை மேசை’ என்னும் நடனம், 1932 ஜூலை 3-ஆம் நாள் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. இசை ஃபிரிட்ஸ் கோஹென் என்பாருடையது. அதற்கு இரண்டு பியானோக்களே போதும். காட்சிகள் எட்டு. கல்விக்கூடம் ஒன்றின் நிழலில் பிறந்த ஆட்டமாதலின், மாணவர்கள் இதை உற்று நோக்குவது பொருத்தமேயாகும்.

திரை விலகும்போது களம் தென்படுவதில்லை. பச்சைத் துணி விரித்த நீண்ட மேசை ஒன்றே தென்படுகிறது. அதைச் சுற்றிக் கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த கனவான்கள். அவர்கள் வணங்குகிறார்கள், வாதிடுகிறார்கள், விரல் நீட்டுகிறார்கள், மீண்டும் பணிவோடு குனிகிறார்கள். முடிவில் கைத்துப்பாக்கிகளை எடுத்துச் சுடுகிறார்கள். அதுவே போர்ப் பிரகடனம். அடுத்த ஆறு காட்சிகளில் அவர்கள் இல்லை. பிரியாவிடை, சமர், எதிர்த்துப் போராடும் பெண், அகதிகள், பரத்தையர் விடுதி, போரின் பின்விளைவு ஆகியவையே அக்காட்சிகள். அவை அனைத்திலும் மரணம் ஒரு பாத்திரமாக நின்று ஆடுகிறது. எட்டாம் காட்சியில் மீண்டும் அதே மேசை, அதே கனவான்கள், அதே வாதம். இடையில் எதுவும் நிகழாதது போல அவர்கள் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் முதலில் கருதத்தக்கது, எட்டுக் காட்சிகளில் சமருக்கு வாய்த்த இடம் ஒன்றே என்பது. நம் மாணவர்களோ சமரையே முழு ஆட்டமாக்கிவிடுகிறார்கள். போர் களத்தில் தொடங்குவதுமில்லை, களத்தில் முடிவதுமில்லை. மேசையில் தொடங்கி, முதியவளின் தள்ளாட்டத்திலும் சிறுமியின் சீரழிவிலும் அது நீள்கிறது. இறந்த வீரனின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றும் ஆதாயக்காரன் ஒருவனையும் யோஸ் படைத்திருக்கிறார். நாளிதழ்களின் வீரச் செய்திகளில் இடம்பெறாத அவனே பல போர்களின் உண்மையான வெற்றியாளன்.

இரண்டாவது, ஒழுங்கை அவர் கையாண்ட விதம். மரணத்துக்கு மாறாத ஒரு தாளம். தரையை மிதிக்கும் கனத்த அடி. மனிதர்களுக்கோ ஆளுக்கொரு நடை. இளம் வீரனின் அசைவு முதிய வீரனிடம் இல்லை. தாயின் கை விரிவு மகளிடம் இல்லை. மரணமும் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாக நெருங்குகிறது. வீரனை வெட்டி வீழ்த்துவது போல் கொண்டுசெல்லும் அதே மரணம், களைத்த முதியவளை மெல்ல ஏந்திக்கொள்கிறது. மேலே கூறிய இக்கட்டுக்கு விடை இதுதான். அழிக்கும் ஆற்றலுக்குத் தாளத்தைக் கொடு. அழிபவர்க்குத் தனித்தனி நடையைக் கொடு. அப்போது காண்பவன் உள்ளம் ஒழுங்கின் பக்கம் சாயாது. தனியொருவனின் பக்கம் சாயும்.

இவ்வழி நமக்குப் புதிதன்று. இஸ்லாத்துக்கு முந்திய அரபுலகில், ஒரு குதிரைப் பந்தயத்தால் மூண்டு அப்ஸ், துப்யான் குலங்களை நெடுங்காலம் அலைக்கழித்த தாஹிஸ் போர் நாம் அறிந்ததே. அதில் வாளேந்திய அன்தரா தம் வீரத்தைப் பாடினார். ஸுஹைரோ தம் முஅல்லகாவில் போரை அரைக்கும் திரிகையாகக் கண்டார். இரத்தப் பணத்தைத் தாமே ஏற்று அமைதி தேடித்தந்த ஹரிம், ஹாரிஸ் என்னும் இரு தலைவரைப் போற்றினார். தொல்காப்பியரும் வென்ற வேந்தன் தேர் முன்னும் பின்னும் ஆடும் குரவைகளை வாகையுள் வைத்தார். நிலையாமையைச் சொல்லும் காஞ்சியையும் அதே புறத்திணையுள் வைத்தார். வாகையை மட்டும் ஆடிக் காஞ்சியை விட்டுவிடும் ஆட்டம் பாதி உண்மையே ஆகும். திருமறையும் போரைக் கடமையாக்கும் வசனத்திலேயே (2:216) அது மனத்துக்கு உவப்பற்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கு ஆளப்பெறும் ‘குர்ஹ்’ என்னும் சொல் வெறுப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே சுட்டும். அந்த வருத்தத்தைக் காண்போர் நெஞ்சிலிருந்து அகற்றிவிடும் கலை, பொய்க் கலையே.

யோஸின் படைப்பை இவ்வளவு பாராட்டிய பின், அதன்மேல் ஒரு தடையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் லூபெக் நகரத் தேவாலயத்தில் இருந்த ‘மரண நடனம்’ என்னும் பழைய ஓவிய வரிசையே இவ்வாட்டத்துக்குத் தூண்டுதல். அரசனையும் ஏழையையும் ஒரே மரணம் கைபிடித்து அழைத்துச் செல்வதாக அமைந்தது அது. சாவு எல்லார்க்கும் பொது என்பது மறுக்கவொண்ணா உண்மை. ஆனால் போரில் வரும் சாவு விதியால் வருவது மட்டுமன்று. ஒருவன் செய்த கொடுமையாலும் வருவது. படையெடுத்து வந்தவனும் தன் வீட்டு வாசலைக் காத்து நின்றவனும் மரணத்தின் முன் சமமாகலாம். நீதியின் முன் சமமாகார். அநியாயத்துக்கு உள்ளானோர்க்கே எதிர்த்து நிற்க இசைவு தருகிறது திருமறை (22:39). யோஸ் இந்த வேறுபாட்டை, எதிர்த்துப் போராடிச் சுட்டுக் கொல்லப்படும் அந்தப் பெண்ணின் காட்சியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். மேசைக் கனவான்களுக்கு அவர் அணிவித்த முகமூடியும் இரு பக்கம் வெட்டும் வாள். எல்லா நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்துவது அதன் வலிமை. குற்றவாளியின் பெயர் மறைந்துபோவது அதன் குறை.

யோஸ் தம் வாழ்வில் அந்த வேறுபாட்டை மறந்தவரல்லர். 1933-இல் நாஜிகள், கோஹென் உள்ளிட்ட யூதர்களைக் குழுவிலிருந்து நீக்குமாறு வற்புறுத்தியபோது அவர் மறுத்து, குழுவோடு நாட்டை விட்டு வெளியேறினார். பின்னர் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் தங்கினார். எஸ்ஸனுக்குத் திரும்பியது 1949-இல்தான். லூபெக் ஓவியமோ 1942-ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் எரிந்து அழிந்தது. மேசையில் பேசப்பட்டது தேவாலயச் சுவரையும் விட்டுவைக்கவில்லை.

2023 அக்டோபர் முதல் காஸாவிலிருந்து வந்த படங்களைக் கண்டு நெஞ்சு பதைத்த நம் மாணவர்களுக்கு, அதை ஆட்டமாக்கும் வேட்கை எழுவது இயல்பு. அவர்களுக்குச் சில சொற்கள். சிவப்புத் துணியை வீசி இரத்தம் என்று காட்டாதீர்கள்; உண்மையான இரத்தத்தைக் கண்டவர்கள் முன் அது விளையாட்டாகிவிடும். பிறர் துயரத்தைக் கைதட்டல் வாங்கும் பொருளாக்காதீர்கள். இந்தத் துயரம் எந்த மேசையில் தீர்மானிக்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். அதைக் காட்டிய பிறகே களத்துக்குச் செல்லுங்கள். கொடுமை செய்தவனையும் அதற்கு உள்ளானவனையும் ஒரே நடையில் ஆடவிடாதீர்கள். குழுவின் ஒவ்வொருவர்க்கும், அவர் இன்னார் என்று அடையாளம் தெரியும்படி ஓர் அசைவேனும் கொடுங்கள். உலை மூட்டும் தாய்க்கும் பள்ளிப் பையைத் தூக்கும் சிறுவனுக்கும் தத்தம் அசைவு வேண்டும். படையணியில் ஒருவன் விழுந்தால் அடுத்தவன் நெருங்கி வந்து அவ்விடத்தை அடைத்துவிடுவான். உங்கள் ஆட்டத்தில் அவ்விடத்தை அடைக்காதீர்கள். இறுதிவரை அது வெறுமையாகவே கிடக்கட்டும். மற்றவர்கள் அதைச் சுற்றியே நடக்கட்டும். வீட்டில் ஒருவரை இழந்தவர்க்கு அவ்வெற்றிடத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை மேடையில் வாள் சுழற்றினால் மகிழ்ந்து பாராட்டுங்கள், அது திறமை. போரை ஆட முற்பட்டால் அவனிடம் மேலும் ஒன்று கேளுங்கள்: யார் தொடங்கியது, யார் அழுதது, யார் ஆதாயம் பெற்றது என்று. இம்மூன்றுக்கும் விடை தேடிக்கொண்டு மேடையேறும் இளைஞர்களை நம் சமுதாயம் பெற்றிட வல்ல அல்லாஹ் அருள்வானாக.