கருவிழி ஆளைச் சொல்லும், சம்மதத்தைச் சொல்லுமா?

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் மூதாட்டி, மனுவின் அடியில் கைநாட்டு வைக்கும்போது இரண்டு காரியங்களைச் செய்கிறார். தான் இன்னார் என்கிறார். இதில் எழுதியிருப்பதற்குத் தான் பொறுப்பு என்கிறார். கருவிழியைக் காட்டியோ பார்வையை நகர்த்தியோ கண்ணால் கையெழுத்திடும் நுட்பத்தை இந்த இரண்டிலும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவதில் கண்ணுக்கு நல்ல மதிப்பெண். கருவிழியின் கோலத்தை எண்களாக்கி ஒப்பிடும் முறையை கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் 1993ல் வெளியிட்டார். ஆதாரும் இரு கருவிழிகளைப் பதிகிறது. நாற்று நட்டும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்தவர்களுக்காகத் தமிழக ரேஷன் கடைகளுக்குக் கருவிழிப் பதிவு வந்தது சரியான முடிவு. ஆனால் ரேகை தேய்ந்துபோகும் முதுமையில்தான் கண்புரையும் வருகிறது. கண்ணாடியைக் கழற்றி, இமையை விரித்து, தலை ஆடாமல் நிற்கச் சொன்னால் எல்லோராலும் முடியாது. மெஷின் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரையும் அரிசி இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது. ஏமாற்றவே முடியாத பூட்டும் அல்ல இது: 2017ல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், அச்சிட்ட கண் படத்தின்மேல் கான்டாக்ட் லென்ஸ் வைத்து சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனைத் திறந்து காட்டியது.

ஏமாற்றைத் தடுப்பதில், பார்வையின் அசைவைத் தொடரும் முறை கருவிழிக்கு ஒரு படி மேல். அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, அது எதிரொளிக்கும் புள்ளிக்கும் பாவைக்கும் உள்ள தொலைவை வைத்துப் பார்வை போகும் இடத்தைக் கணிக்கிறார்கள். பார்வை தாவும் வேகமும் நிலைக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், அசையாத படத்தைக் காட்டி ஏமாற்றுவது கடினம். தூக்கக் கலக்கமும் மருந்தும் அந்த அசைவையே மாற்றிவிடும் என்பது பெரிய குறை.

இரண்டாவதில், அதாவது எழுதியிருப்பதற்குச் சம்மதம் சொல்வதில்தான், என் ஆட்சேபம். பளிச்சென்று எது மின்னினாலும் கண் கேட்காமலே அங்கே ஓடும்; விரல் அப்படி ஓடாது. கருவிழியிலும் சிக்கல் உண்டு. ஆதார் வழி இ-சைன் எனும் மின்கையெழுத்து 2015ல் சட்ட ஏற்பு பெற்றது. அதைக் கருவிழி கொண்டும் செய்யலாம். ரேஷன் கடையில் எதற்காகக் கண்ணைக் காட்டுகிறோம் என்பது தெரியும்; தராசு கண்முன் இருக்கிறது. கருவிழிக் கருவிக்குள் பார்ப்பவருக்கோ, எந்தப் பத்திரம் திரையில் திறந்திருக்கிறது என்று தெரியாது. கருவியை நீட்டுபவருக்குத்தான் தெரியும்.

ஆகவே ஆளை அறியக் கருவிழி போதும். சொத்து, கடன், உயில் ஆகியவற்றில் சம்மதத்துக்கு அது மட்டும் போதாது. பார்வையால் எழுதும் கையெழுத்தை, நோயால் கை முடங்கி, கண் மட்டும் இயங்குவோருக்கு இன்றே ஏற்கலாம். பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் நம்பும் சாட்சி ஒருவரை உடன் வைத்து, இரண்டு முறை உறுதி கேட்ட பிறகு.