பதினொன்று என்னும் கணக்கு

உலகிலேயே மிகக் குறைந்த ஒலிகளை உடைய மொழி எது? 'ரோட்டோகாஸ், 11 ஒலிகள்' என்று பொது அறிவு நூல்கள் விடை தருவது வழக்கம். விடை முழுப் பொய்யன்று. ஆனால் அதைப் படிக்கும் மாணவர், அது வளர்ச்சியடையாத மொழி போலும் என்று எண்ணிவிட இடமுண்டு. அவ்வெண்ணம் தவறு.

பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் சில ஆயிரம் பேர் பேசும் மொழி இது. இர்வின் பிர்ச்சோ, ஜாக்குலின் பிர்ச்சோ ஆகியோர் 1969-இல் வெளியிட்ட ஆய்வே இந்த எண்ணுக்கு அடிப்படை. உயிர் ஐந்து, மெய் ஆறு. ம, ந, ங போன்ற மூக்கொலிகள் தனித்து நிற்பதில்லை.

இங்கே எண்ணப்பட்டவை வாயில் பிறக்கும் ஒலிகள் அல்ல. பொருளை மாற்றும் ஒலியன்கள். 'கடல்', 'அகல்' என்னும் சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் நாம் ஒன்றாகவே கொள்கிறோம் அல்லவா? அதுபோல ரோட்டோகாஸில் தகரம் இகரத்தின் முன் சகரம்போல் ஒலிக்கும். அதற்கெனத் தனி எழுத்தும் உண்டு. ஆகவே 11 ஒலியன்களுக்கு 12 எழுத்துகள்! நெடில்களையும் தனியே எண்ணினால் தொகை 16 ஆகிவிடும். பொது அறிவு நூல்கள் இதைச் சொல்வதில்லை.

ஒலி குறைந்தால் சொல்லும் குறையுமா? கணக்கிட்டுப் பாருங்கள். இம்மொழியின் அசைகள் உயிரில் முடிபவை. ஐந்து உயிர், முப்பது உயிர்மெய், ஆக 35 அசைகள். மூன்றசைச் சொற்களுக்கு மட்டும் 42,875 வாய்ப்புகள்!

இன்னொரு பெருங்குறை, 11 என்பது நடு ரோட்டோகாஸ் வழக்குக்கு மட்டுமே உரியது என்பதை மறைப்பது. அதே மொழியின் அய்ட்டா வழக்கில் மூக்கொலிகள் தனி ஒலியன்களே. மெய்கள் ஒன்பது என்று ஸ்டூவர்ட் ராபின்சன் 2006-இல் காட்டினார். எது பழையது? நடு வழக்கே பழையதாயின், அய்ட்டாவில் ஓர் ஒலி இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். எந்தச் சூழலில் பிரிந்தது என்பதற்கு விதி வேண்டும். அப்படி ஒரு விதி தென்படவில்லை. எனவே முன்பு இருவகை ஒலிகளும் இருந்தன, நடு வழக்கில் அவை ஒன்றாகிவிட்டன என்பதே அவர் முடிவு. பதினொன்று தொடக்கநிலை அன்று, தேய்ந்து எஞ்சிய நிலை.

மூக்கொலி அம்மக்களின் வாயில் வராது என்றும் கருத வேண்டா. தம் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசும் வெளிநாட்டாரைப்போல் பேசிக்காட்டும்போது, நடு வழக்கினர் மூக்கொலிகளை நன்றாகவே ஒலிக்கிறார்களாம்! பிர்ச்சோ ஆய்விலேயே உள்ள செய்தி இது. பொது அறிவு நூலார் அடுத்த பதிப்பில் 'நடு' என்ற ஒரு சொல்லையாவது சேர்த்து அச்சிடலாம்.