குட்டி யானையின் எளிமை

2005-இல் வந்த டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியை ஊரே 'குட்டி யானை' என்று அழைக்கிறது. அதன் ஆரம்பகால டீசல் எஞ்சினின் அழகே சிக்கல் இல்லாமையில்தான்: 702 சிசி, இரண்டே சிலிண்டர், டர்போவும் காமன் ரயிலும் கிடையாது. பொள்ளாச்சித் தேங்காயோடு வழியில் நின்றால், பம்ப், நாசில், ஃபில்டர் என்று தொட்டுப் பார்த்தே பக்கத்து ஊர் மெக்கானிக் கோளாறைப் பிடித்துவிடுவார்.

உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும், சென்சார்களை நம்பி இயங்கும் காமன் ரயில் டீசலை மிச்சப்படுத்தும் என்பார்கள், உண்மைதான். அழுத்தம் கூடக்கூட டீசல் நுண்துளிகளாகச் சிதறி நன்றாக எரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 மாசு விதி வந்து புகை குறைந்ததும் பெரிய நன்மை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிய வண்டி ஒரு சென்சாரால் நின்றால், வாடும் சரக்கின் விலையையும் மைலேஜ் கணக்கில் கழிக்கத்தான் வேண்டும். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கொங்குப் பட்டறைகளுக்கு ஸ்கேனரும் வயரிங் வரைபடமும் தாராளமாகக் கிடைத்தால், புதிய எஞ்சினும் அந்தக் கைகளுக்குப் பழகிவிடும்.