ஹார்டி கண்ட ஆறுதல்

தாமஸ் ஹார்டியை நாவலாசிரியராகத்தான் நம்மில் பெரும்பாலோர் அறிவோம். 'டெஸ்' படித்துவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்தவர்கள் பலர் உண்டு. அந்த மனிதர் 900க்கு மேற்பட்ட கவிதைகளும் எழுதியிருக்கிறார், அவற்றில் மிகச் சிறந்தவை எழுபது வயதைத் தாண்டி எழுதியவை என்று சொன்னால் அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். 'வயதான காலத்தில் ஆறுதலுக்காகக் கவிதை எழுதினார்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அது எப்படிப்பட்ட ஆறுதல் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கவிதை அவருக்குப் புதிதல்ல. வாலிபத்தில் அவர் எழுதிய கவிதைகளைப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. பிழைப்பை உத்தேசித்து வசனத்துக்கு வந்தார். 1895ல் 'ஜூட்' நாவல் வெளிவந்தபோது இங்கிலாந்தில் பெரிய கூச்சல் எழுந்தது. அதை நெருப்பில் போட்டுவிட்டதாக ஒரு பிஷப் பத்திரிகைக்கே எழுதினார். அதன் பிறகு ஹார்டி புதிதாக எந்த நாவலையும் தொடங்கவில்லை. 1898ல், தமது 58வது வயதில், முதல் கவிதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். இளமையில் விலைபோகாத கவிதைகள் சிலவும் அதில் இடம்பெற்றன.

இதோடு நின்றிருந்தால், நாவலை விட்டு ஓய்வு பெற்ற ஒருவரின் பொழுதுபோக்கு என்று நாமும் விட்டுவிடலாம். சோதனை 1912 நவம்பர் 27ந் தேதி வந்தது. அன்று அவர் மனைவி எம்மா காலமானாள்.

அவளை அவர் முதன்முதல் சந்தித்தது 1870 மார்ச்சில். கட்டடக் கலைஞராக வேலை பார்த்த நாளில், கார்ன்வால் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மாதா கோவிலைப் புதுப்பிக்க அளவெடுக்கப் போனார். அந்தக் கோவில் பாதிரியாரின் மைத்துனி அவள். நான்கு வருஷம் கழித்துக் கல்யாணம். பிறகு மெல்ல மெல்லக் கசப்பு. கடைசி வருஷங்களில் அவள் மச்சு அறையில், இவர் தம் படிப்பறையில். ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள். அவள் இறந்த பின்பு அவளுடைய காகிதங்களை ஹார்டி எடுத்துப் பார்த்தார். அவரைப் பற்றி அவள் மனம் கசந்து எழுதிய குறிப்புகளும் இருந்தன. கார்ன்வாலில் கழிந்த தன் இளமையைப் பற்றிய நினைவுகளும் இருந்தன. முன்னதை எரித்தார். பின்னதைப் பத்திரப்படுத்தினார். 1913 மார்ச்சில், 72 வயதுக் கிழவர், நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் போன அதே இடத்துக்குப் போய் நின்றார்.

அந்தக் குளிர்காலத்திலும் அதை அடுத்தும் எழுதிய கவிதைகளே '1912–13 கவிதைகள்' என்ற வரிசை. 1914ல் வெளிவந்த தொகுதியில் சேர்ந்திருக்கிறது.

மனைவி போன துக்கத்தில் கவிதை எழுதி அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவற்றில் மனைவி தெய்வமாகிவிடுவாள். கணவர் குறையில்லாத பக்தராகிவிடுவார். எழுதியவருக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். அதைக் கேலி செய்வது அழகல்ல. ஆனால் படிக்கிற நமக்கு அங்கே ஒன்றுமில்லை. ஹார்டி அப்படிச் செய்யவில்லை. எம்மா அவர் கவிதையில் தெய்வமாகவில்லை. முதல் கவிதையிலேயே, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாயே என்று அவளைக் குறைகூறுகிறார். இருந்த காலத்தில் நாம் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று அதே மூச்சில் தம்மையும் கேட்டுக்கொள்கிறார். நம் புறப்பாட்டில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. அங்கே இறந்தவனின் பெருமையைச் சொல்லி அழுவார்கள். இங்கே அழுகிறவரின் சிறுமையும் சேர்ந்து வருகிறது.

நாவலாசிரியரின் கண் எங்கும் விழித்திருக்கிறது. 'காஸில் போட்டரெல்' பற்றிய கவிதையில், தூறலில் வண்டியில் போகிறவர் திரும்பிப் பார்க்கிறார். பாதையில் தாமும் ஒரு பெண்ணும் நடந்து ஏறுவது தெரிகிறது. குதிரைக்குப் பாரம் குறையட்டும் என்று வண்டியைவிட்டு இறங்கியவர்கள் அவர்கள். காதலைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவருக்கு நினைவிருப்பது குதிரையின் களைப்பு. அதனாலேயே நாம் நம்புகிறோம். 'குரல்' என்ற கவிதையில் முதல் மூன்று பத்திகள் ஆடி ஓடுகிற சந்தத்தில் வருகின்றன. கடைசிப் பத்தியில் அந்தச் சந்தம் தடுக்கி விழுந்து நொண்டுகிறது. கேட்டது அவள் குரல்தானா, காற்றா என்ற சந்தேகம் அர்த்தத்தோடு நிற்காமல் நடையிலும் வந்துவிடுகிறது. கட்டடம் கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். கல்லை அளந்து வைக்கிற மாதிரி அசையை அளந்து வைத்தார். கவிதைக்குக் கவிதை வேறு வேறு அமைப்பு. அந்த உழைப்பில்தான் ஆறுதல் இருந்தது என்பது என் அபிப்பிராயம். துக்கம் குறையவில்லை, துக்கத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. உயிரோடு மாடியில் இருந்தவளுக்குக் கிடைக்காத சொல்லெல்லாம் இறந்தவளுக்குக் கிடைத்தன. 1914 பிப்ரவரியில் ஹார்டி ஃபிளாரன்ஸை இரண்டாந்தாரமாக மணந்தார். அதே வருஷம் அந்தத் தொகுதி வெளிவந்தது. அதைப் படித்து அவள் பட்ட வேதனையை அவளுடைய கடிதங்களில் காணலாம். ஒருவருக்கு ஆறுதலாக வந்தது அதே வீட்டில் இன்னொருவருக்கு முள்ளாயிற்று. கவிதைகளின் தரத்தை இது குறைக்கவில்லை. ஆனால் கவிதை மனிதனைத் திருத்திவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

அவர் 1928ல், 87வது வயதில், இறக்கும் வரையில் கவிதை எழுதுவதை நிறுத்தவில்லை. அஸ்தியை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைத்தார்கள்; இதயத்தை மட்டும் எடுத்துச் சொந்த ஊர்ப் பக்கம் எம்மாவின் கல்லறையில் புதைத்தார்கள். அவரை நாவல்களால் மட்டும் அறிந்தவர்கள் அந்த இருபத்தொரு கவிதைகளையும் ஒரே மூச்சில் படித்துப் பார்க்கவேண்டும். அவர் எழுதாமல் விட்ட கடைசி நாவல் அவற்றில் இருக்கிறது.