யார் எடுத்துக்கொள்வது?

ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் ஒரு 39பி வழக்கு, அதாவது போதைப்பொருள் கடத்தல் வழக்கு, 'பேசி முடிக்கப்பட்டால்' அது உடனே வாழ்த்துச் செய்தியாகிவிடுகிறது. லோயரின் படம், பக்கத்தில் அழுகையும் சிரிப்புமாக ஒரு தாய், கீழே 'தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டார்' என்று ஒரு வரி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குற்றவியல் வழக்கெடுக்கும் நம் வழக்கறிஞர்களை இன்று இதை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள்: 39பி-யிலிருந்து எத்தனை பேரை இறக்கினார்? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வென்றவரைவிடக் கடிதம் எழுதி இறக்கியவருக்கே மாலை அதிகம். அரசுத் தரப்புக்கும் இதில் மகிழ்ச்சிதான். தேங்கிய வழக்குகள் குறைகின்றன, சாட்சிகளை அலைக்கழிக்க வேண்டியதில்லை, மேல்முறையீடு வருவதும் அரிது. இரு தரப்பும் சேர்ந்து பாராட்டும் ஒரு பழக்கத்தைச் சந்தேகிக்க அந்த ஒற்றுமை ஒன்றே போதும்.

முறை தெரிந்ததுதான். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் கடத்தல் குற்றம் சாட்டப்பட்டவருக்காக லோயர் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு, குற்றச்சாட்டைக் குறைக்கக் கோரி, ரெப்ரசென்டேஷன் (சுருக்கமாக 'ரெப்') எழுதுகிறார். அரசுத் துணை வழக்கறிஞர் (டிபிபி) தரப்பு இசைந்தால், குற்றச்சாட்டு கடத்தலிலிருந்து வைத்திருந்ததாகக் குறைகிறது. தண்டனை 39ஏ(2)-இன் கீழ் வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்கிறார், தண்டனைக் குறைப்புக்கான வாதம் நடக்கிறது, அன்றே தீர்ப்பு.

இந்த ரெப் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதை மறுப்பவன் கட்டாய மரண தண்டனை இருந்த காலத்தை அறியாதவன். 15 கிராம் ஹெராயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் மெத்தம்பெட்டமின் என்ற எல்லையை எட்டினாலே கடத்தல் என்று சட்டம் அனுமானித்தது. கடத்தல் என்று முடிவானால் மரண தண்டனை தவிர வேறெதுவும் விதிக்க நீதிபதிக்கு இடமில்லை. 2018 மார்ச் 15இல் ஒரு குறுகலான விலக்கு வந்ததே தவிரப் பொதுவான நிலை மாறவில்லை. அந்த நாள்களில் கட்சிக்காரரின் கழுத்தைப் பணயம் வைத்து வாதாடாமல் கடிதம் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையிலேயே குற்றம் செய்தவர் அதை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

ஆனால் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. உயிரை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை நீதிபதியின் கைக்கு வந்துவிட்டது. ரெப்புக்கு இருந்த வலுவான நியாயத்தில் பாதி அன்றே போயிற்று. பாராட்டு மட்டும் ஒரு குண்டுமணியும் குறையவில்லை. அவசரத்துக்கு வந்த பழக்கம் வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

இந்த முறையின் மீது எனக்குள்ள நெடுநாள் ஆட்சேபம் ஒன்றுதான்: குற்றவாளியும் நிரபராதியும் இதில் ஒரே தாளில் கையெழுத்திடுகிறார்கள். எவர் எது என்று கேட்கும் இடமே இதில் இல்லை.

கைதான நாளிலிருந்து பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவில் இத்தகைய வழக்குக்கு 14 நாள் வரை ரிமாண்ட் வாங்கலாம். லோயரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை 28ஏ தருகிறது; போலீஸ் அதைத் தள்ளிப்போட வழியையும் அதே பிரிவு தருகிறது. 'அந்தப் பை என்னுடையதில்லை, இன்னாருடையது' என்று சொல்ல வேண்டிய நேரம் அந்த முதல் நாள்கள்தான். 1996இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த அல்கண்டாரா வழக்குக்குப் பிறகு இதற்கு நம் லோயர்களிடம் 'அல்கண்டாரா நோட்டீஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தற்காப்பு வாதத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால், பின்னால் இட்டுக்கட்டிய கதை என்று அதைத் தள்ள முடியாது. போலீஸும் விசாரிக்கக் கடமைப்பட்டது. போர்ட் கிள்ளானில் லாரிக்கு உதவியாளாகப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? அவன் பயந்து வாய்மூடி இருக்கிறான், அல்லது கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான்.

அடுத்து ஜாமீன். 39பி-க்கு அது கிடையாது; 41பி பிரிவு வாசலை அடைத்துவிடுகிறது. இரசாயனத் துறையின் அறிக்கை வரும்வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மென்ஷன் மேல் மென்ஷன். பிறகு வழக்கு உயர்நீதிமன்றம் போகும். அங்கே விசாரணைத் தேதிக்குக் காத்திருப்பு. இத்தனை காலமும் பையன் சுங்கை பூலோ சிறையிலோ காஜாங் சிறையிலோ இருக்கிறான். வென்று வெளியே வந்தாலும் 1985ஆம் ஆண்டு சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டம் காத்திருக்கிறது. அதன்கீழ் விசாரணைக்கென்று 60 நாள், பிறகு அமைச்சரின் உத்தரவில் இரண்டாண்டு, வழக்கே இல்லாமல் அடைத்துவைக்கலாம். விடுதலையாகி நீதிமன்றப் படி இறங்கும்போதே மறுபடி பிடிப்பார்களோ என்று குடும்பம் அஞ்சுவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த நிலையில்தான் லோயர் வந்து கணக்குச் சொல்கிறார். ஒரு பேச்சுக்கு, ஒப்புக்கொண்டால் ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். கைதான தேதியிலிருந்து எண்ணச் சொல்லிக் கேட்கலாம். நன்னடத்தைக்குச் சிறையில் மூன்றிலொரு பங்கு கழியும், மிச்சம் ஆறு. இரண்டு ஆண்டு ஏற்கனவே உள்ளே போய்விட்டது, இன்னும் நான்குதான். வழக்கை நடத்தினால் இன்னும் இரண்டு வருடம் ஜாமீன் இல்லாமல் இருந்துவிட்டு, தோற்றால் ஆயுளோ கயிறோ. இந்தக் கணக்கில் பிழையில்லை. குற்றம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் இதே கணக்கு, இதே விடை என்பதுதான் வினை. செய்யாதவனுக்கு இழப்பு பெரிது. ஆனால் அவன் பயமும் அதே அளவுதான். இதில் பிரம்படி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 39ஏ(2)-இல் ஆயுள் அல்லது ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை, அதோடு பத்துக்குக் குறையாத ரொத்தான். 'மீட்டார்' என்ற செய்தியில் அந்தப் பத்து அடிக்கு இடமிருப்பதில்லை.

இதைவிட மோசமானது கூட்டு வழக்கு. ஒரு காரில் மூன்று பேர். பை பின்சீட்டுக்கு அடியில். அல்லது ஒரு பிளாட் வீடு. நான்கு பேர் வாடகையைப் பகிர்கிறார்கள். பொருள் சமையலறை மேல்தட்டில். எல்லாரும் சேர்ந்து 39பி-யில் சார்ஜ் ஆகிறார்கள், பொது நோக்கம் என்று தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவும் ஒட்டிக்கொள்கிறது. விசாரணை நடந்தால் அரசுத் தரப்பு ஒவ்வொருவருக்கும் அந்தப் பொருள் பற்றித் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும்; யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்று காட்ட வேண்டும். பல வழக்குகள் இங்கேதான் தள்ளாடும். பேரத்தில் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. ஒருவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களை விடலாம் என்ற பேச்சு எழுகிறது. உடனே லோக்காப்பில் ஒரு கேள்வி பிறக்கிறது: 'யார் எடுத்துக்கிறது?'

இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாருக்குப் பழைய குற்றப் பதிவு இல்லை, யாருடைய வீட்டில் பணமில்லை, யாருடைய அப்பா உயிரோடில்லை என்று பார்த்துத்தான் தீர்மானமாகிறது. பை யாருடையது என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறது. வெளியே வருகிறவன் உள்ளே போகிறவனின் குடும்பத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னால் அது இன்னும் சுலபமாக முடிகிறது. மூவருக்கும் ஒரே லோயர் என்றால் கேட்கவே வேண்டாம்: ஒரு கட்சிக்காரரைக் காப்பாற்ற இன்னொரு கட்சிக்காரரை ஒப்புக்கொள்ளச் செய்கிறார். இதை நலன் முரண் என்றுகூடச் சொல்ல மனம் வரவில்லை, பலி என்பேன்.

அரசுத் தரப்புக்கோ கணக்கு நேராகிவிடுகிறது. ஒரு கைப்பற்றலுக்கு ஒரு குற்றவாளி. சோதனை எப்படி நடந்தது, பொருள் எத்தனை கை மாறி இரசாயனத் துறைக்குப் போனது, போலீஸ் எடுத்த எடையும் அறிக்கையின் எடையும் ஏன் வேறுபடுகின்றன, மூன்றாமவனின் கைரேகை ஏன் எடுக்கப்படவில்லை என்றெல்லாம் யாரும் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. அலட்சியமாக விசாரித்த அதிகாரிக்கும் கவனமாக விசாரித்த அதிகாரிக்கும் ஒரே வெற்றி.

பேரத்துக்கு முறையான சட்டமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2012 முதல் நடப்பில் உள்ள 172சி பிரிவில் ஒப்புதல் தன் விருப்பத்தின் பேரிலா என்று நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். அந்த நல்ல கதவை யாரும் பெரிதாகத் தட்டுவதில்லை; கடிதப் போக்குவரத்தே எல்லாருக்கும் வசதி. ஒப்புதலின் தன்மையும் விளைவும் புரிகிறதா என்று உயர்நீதிமன்றத்தில் கேட்கிறார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்கிறார், பையன் 'புரியுது' என்கிறான். லோக்காப்பில் என்ன பேசப்பட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ரெப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதும் இருட்டு. அரசியலமைப்பின் 145(3) வழக்குத் தொடுக்கவும் நிறுத்தவும் சட்டத்துறைத் தலைவருக்கு முழு விருப்புரிமை தருகிறது. 2021இல் சுந்தர ராஜூ வழக்கில், அந்த அதிகாரமும் அரிதான சூழலில் நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஆனால் பேரம் ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணமே தெரியாதவர் எதை மறுஆய்வுக்குக் கொண்டுபோவார்? அதே ரெப்ரசென்டேஷன் பெரிய இடத்திலிருந்து போனால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பர் 4இல் பார்த்தோம். எதிர்வாதம் செய்ய அழைக்கப்பட்டு விசாரணை நடந்துகொண்டிருந்த நிலையில், துணைப் பிரதமர் அகமது ஸாஹிட் ஹமிடிமீதான 47 குற்றச்சாட்டுகளிலும் விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பை அரசுத் தரப்பே கேட்டது. நீதிமன்றத்தில் காரணங்களையும் அடுக்கியது. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதை வழங்கியது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். அவருக்குப் பகிரங்கமாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. கிள்ளான் பையனின் ரெப்புக்கு வருவது ஏற்கப்பட்டது அல்லது நிராகரிக்கப்பட்டது என்ற ஒரு வரிதான்.

வாதாடினால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆல்மா நூடோ வழக்கைச் சொல்வேன். பிலிப்பீன்ஸ் பெண் ஒருவரும் தாய்லாந்துப் பெண் ஒருவரும் கூட்டரசு நீதிமன்றம்வரை போனார்கள். பொருளை வைத்திருந்ததாக முதலில் அனுமானித்து, அந்த அனுமானத்தின் மேலேயே கடத்தல் என்று இன்னொரு அனுமானம் ஏற்ற இடமளித்த 37ஏ பிரிவு செல்லாது என்று 2019 ஏப்ரல் 5இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த இருவரின் தண்டனை கடைசியில் வைத்திருந்த குற்றத்துக்குத்தான் இறங்கியது. ஒரு நல்ல ரெப் அதையே வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் அதோடு 37ஏ-யும் அப்படியே இருந்திருக்கும். அவர்கள் வாதாடியதால் பிறகு வந்த ஒவ்வொரு 39பி வழக்கிலும் அரசுத் தரப்பின் சுமை கூடியது. நூறு ரெப் எழுதினாலும் சட்டத்தில் ஒரு சொல் மாறாது.

என் நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கட்டணத்தை மொத்தமாகப் பேசி வாங்கும் லோயருக்கு, பத்து நாள் விசாரணையைவிட ஒரு காலைப்பொழுது ஒப்புதல் லாபம். இதற்காகத்தான் எல்லாரும் பேரம் பேசுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் விசாரணை நடத்தியே பழகாதவர் எழுதும் ரெப்பில் பல் இருக்காது. இவர் வழக்கை நடத்தக்கூடியவர் என்று டிபிபி நம்பினால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. ஒப்புதலிலேயே வளரும் ஒரு தலைமுறை பேரம் பேசும் வலுவையும் சேர்த்தே இழக்கும்.

ஆகவே, ரெப் இருக்கட்டும். ஆனால் எழுத்தில் காரணமும், பதிலளிக்கக் கெடுவும் வேண்டும். ஜாமீன் தருவதா என்பதை 41பி தீர்மானிக்காமல் நீதிபதி தீர்மானிக்க வேண்டும். அதுவரை, பிள்ளை உள்ளே இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. இரசாயன அறிக்கையும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்கீழ் அரசுத் தரப்பு தர வேண்டிய ஆவணங்களும் கைக்கு வந்து, லோயர் அவற்றைப் படித்துவிட்டு வந்து விளக்கும்வரை ஒப்புதலுக்குத் தலையாட்டாதீர்கள். கூட்டு வழக்கென்றால், செலவு கூடினாலும், கடன் வாங்கியாவது, உங்கள் பிள்ளைக்குத் தனி லோயர் வையுங்கள்.